திப்புவின் தாய்

வன்னிநாட்டுச் சரித்திரத்தைப் பயில்வோர் 1782ஆம் ஆண்டை மறத்தல் இயலாது. ஒல்லாந்தர் தம் படையை வன்னிக்குள்ளே செலுத்திய ஆண்டு அது. அங்கே தமக்கு நேர்ந்த எதிர்ப்பு எளியதன்று என்பதை ஐரோப்பிய ஆசிரியரே ஒப்புக்கொண்டுள்ளனர். அவ்வெதிர்ப்பிலே முன்னின்றவர்களுள் ஒருவர் பெண். அவர்களுடைய நூல்களிலே மரியா செம்பாத்தே என்று எழுதப்படும் வன்னிச்சி. ஒல்லாந்தர் அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையிலே காவலில் வைத்தனர். அவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றது. பிறந்த குடி எது, பெற்ற மக்கள் யாவர் என்று வினவுவோர்க்கு அந்நூல்கள் விடை தருவதில்லை.

அதே 1782ஆம் ஆண்டிலே கடலுக்கு அப்பாலும் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. மைசூரின் அதிபர் ஐதர் அலி கருநாடகப் பகுதி முழுவதையும் கலக்கிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு யூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் கூடலூர் அருகே ஐதரை நேரிற் கண்டு பேசினார். ஓகஸ்ட் இறுதியில் அதே சுப்ரேன் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தெற்கே சில காத தூரத்திலேதான் அந்தப் பீரங்கிகள் முழங்கின. டிசெம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அண்மையில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையிலே ஐதர் காலமானார். மகன் திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். அவர் வந்து சேருமட்டும் மரணச் செய்தி மறைக்கப்பட்டது. திரவியப் பெட்டியைப்போலத் தோன்றும்படி பேழையொன்றிலே உடல் வைக்கப்பட்டுக் கோலாருக்கு அனுப்பப்பட்டது. அன்றுவரை அதிபரின் மனைவியாக இருந்த ஒருவர் அன்றுமுதல் சுல்தானின் தாயானார். அவரைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

பாத்திமா பக்ருன்னிசா என்பது அவர் பெயர். பக்ருன்னிசா என்னும் அரபுத் தொடர்க்குப் பெண்குலத்தின் பெருமை என்பது பொருள். தந்தையார் மீர் முயினுத்தீன், கடப்பைக் கோட்டையின் அதிபராகச் சில காலம் இருந்தவர். கோட்டைக்குள்ளே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அரசியலின் ஏற்றத்தாழ்வு புதிதாக இருந்திராது. இன்றைக்குக் கோட்டையின் திறவுகோல் தந்தை கையிலும் நாளைக்கு வேறொருவன் கையிலும் இருக்கும் என்பது தக்காணத்து அக்காலக் குடும்பங்கள் யாவும் அறிந்த உண்மை. ஐதருக்கு அவர் இரண்டாவது மனைவி. முதல் மனைவி மகளொன்றைப் பெற்றபின் வாதநோயால் நடமாட்டம் இழந்தார். அதன் பின்னரே இந்த மணம் நிகழ்ந்தது. மணமகனோ அன்று அதிபருமல்லர், நவாபுமல்லர். மைசூர் அரசனின் படையிலே மெல்ல உயர்ந்துகொண்டிருந்த, எழுத்தறியாத போர்வீரர். பிற்காலத்தில் அவருக்கு வந்த பெருவாழ்வை அன்றைக்கு எவர் கண்டார்?

மணமான பின் மகப்பேறு தாமதித்தது. நம் ஊர்களிலே பிள்ளையில்லாதவர் வற்றாப்பளை அம்மனிடம் நேர்ந்துகொள்வதுபோல, அவர்களும் ஆர்க்காட்டிலே அடக்கமாயிருந்த திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறைநேசரின் சமாதிக்குச் சென்று ஆண்மகவு வேண்டி நேர்ந்துகொண்டனர். 1750ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தேவனகள்ளியிலே பிள்ளை பிறந்தது. அந்த மகானின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். பாட்டனார் பத்தே முகம்மதுவின் நினைவாகப் பத்தே அலி என்றும் ஒரு பெயருண்டு. ஆயினும் உலகம் வழங்குவது ஆர்க்காட்டு நேர்த்தியால் வந்த பெயரையே.

திப்பு என்றால் கன்னடத்தில் புலி என்று எழுதினோர் உளர். கன்னடத்தார் புலியை ஹுலி என்பதே வழக்கம். சுல்தான் என்னும் சொல்லும் பிள்ளைக்குப் பிறப்பிலே இட்ட பெயரின் பகுதியே. ஐதர் தம் வாழ்நாளெல்லாம் உடையார் குலத்து மன்னனின் ஊழியர் என்ற பெயரளவிலேயே ஆட்சி நடத்தினார். சுல்தான் என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டாரில்லை. ஆகவே கண்டிப்பாகப் பேசுமிடத்து, பக்ருன்னிசா பெயரளவில் ஒரு சுல்தானின் மனைவியல்லர். தாய் தந்தையர் ஆசையாக இட்ட பெயர் பின்னர் முடிக்குரிய பட்டமாக மாறியது என்பதே உண்மை. தமிழ் மண்ணிலே ஒரு சமாதியின் முன் வைத்த வேண்டுகோள், பின்னாளில் இலண்டன் மாநகரத்துக் குழந்தைகளும் அறிந்த பெயராயிற்று.

ஐதரின் வீட்டிலே பெண்டிரும் பிள்ளைகளும் பகைவர் கையிலே பணயமாவது பழைய கதை. ஐதர் சிறுபிள்ளையாயிருந்தபோது அவர் தந்தை பத்தே முகம்மது போரில் மாண்டார். தொட்டபள்ளாபுரத்திலே அதிகாரம் செலுத்திய அப்பாசு குலி கான் என்பவன், மாண்டவர் கொடுக்கவேண்டிய கடன் என்று சொல்லி, விதவைத் தாயிடம் இருந்தவற்றைப் பறித்தான். அதுவும் போதாதென்று ஐதரையும் தமையன் சபாசையும் ஒரு பெரிய பேரிகைக்குள்ளே அடைத்து, தோலை இறுக்கி, வெளியிலிருந்து முழக்குவித்தானாம். உள்ளேயிருந்த பிள்ளைகளின் துன்பத்தைக் கேட்டுத் தாய் பணம் கொடுக்கட்டும் என்பது அவன் எண்ணம். ஆங்கிலேய ஆசிரியர் வில்க்ஸ் இதை எழுதியிருக்கின்றார். தாயையும் மக்களையும் பிணையாக்கிப் பொருள் கறக்கும் அந்த வழக்கம், அவருடைய மருமகளையும் பின்னர் தேடி வந்தது.

1760ஆம் ஆண்டு. ஐதர் சீரங்கப்பட்டணத்திலே அதிகாரத்தின் உச்சியை எட்டிவிட்டார். அவர் கணக்கராக வைத்து உயர்த்திய கண்டேராவ் என்பவன் அரண்மனையாருடன் சேர்ந்து அவரைத் தொலைக்கத் திட்டமிட்டான். ஐதரின் சிறந்த படைப்பிரிவுகள் பிரெஞ்சுக்காரர்க்கு உதவியாகப் புதுச்சேரிப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, ஓகஸ்ட் மாதத்திலே கோட்டைப் பீரங்கிகள் திடீரென அவர் தங்கியிருந்த இடத்தை நோக்கித் திரும்பின. அன்றிரவே ஐதர் சில குதிரைவீரருடனும் கையில் எடுக்கத்தக்க பொருளுடனும் காவிரியைக் கடந்து தப்பிப் பெங்களூரை நோக்கி ஓடினார். மனைவியும் ஒன்பது வயதுத் திப்புவும் குடும்பத்தார் பிறரும் தீவுக்கோட்டையிலே பகைவர் நடுவே விடப்பட்டனர்.

இவ்விடத்திலே சரித்திர ஆசிரியர் யாவரும் ஐதரின் பின்னே ஓடுகின்றனர். குதிரையின் குளம்போசை கேட்கின்றது. பெங்களூர்க் கோட்டைக் கதவு திறக்கின்றது. மீண்டும் படை திரளுகின்றது. நாம் சற்றே பின்தங்கி, கோட்டையிலே விடப்பட்டவர்களை நோக்குவோம். ஆற்றினால் சூழப்பட்ட தீவு. வெளியே போன கணவர் உயிரோடிருக்கின்றாரா என்பது ஒவ்வொரு நாளும் புதிய ஐயம். அவர் வென்றால் பகைவன் தன் சினத்தைப் பிள்ளைகள் மேல் காட்டலாம், தோற்றாலோ கேட்பாரில்லை. கணவரின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே அஞ்சத்தக்கனவாகிய நிலை அரண்மனைப் பெண்டிர்க்கன்றி வேறெவர்க்கு வாய்க்கும்? 2017ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சி வீதியோரத்திலே காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரைக் கண்டவர்க்கு, காத்திருத்தல் என்னும் வினையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்டேராவ் அவர்களுக்குத் தீங்கு செய்யாது நடத்தினான் என்று எழுதியிருக்கின்றனர். அதுவும் அவன் கணக்குக்குள் அடங்கியதே. பணயப்பொருளைச் சிதைத்துவிட்டால் அதன் விலை போய்விடுமன்றோ?

மறுவருடம் ஐதர் படையோடு திரும்பி வந்து தலைநகரைக் கைக்கொண்டார். கண்டேராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்டிர் மன்றாடினர். அவனைக் கிளிபோல வைத்துப் பேணுவேன் என்று ஐதர் வாக்களித்தார். சொன்னபடியே இரும்புக் கூண்டிலே அடைத்துப் பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார். ஐதரின் நகைச்சுவை என்று இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். எமக்கோ அது நகைக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. மன்றாடிய பெண்டிரின் சொல்லை எழுத்தளவிலே காத்து உட்பொருளைக் கொன்ற செயல் அது.

ஆயினும் அந்தப்புரத்தின் சொல் எக்காலத்தும் அவ்வாறு வீணாகிவிடவில்லை. 1774ஆம் ஆண்டு திப்புவுக்கு மணம் பேச்சு எழுந்தது. ஆர்க்காட்டு நவாயத்துக் குடும்பத்தைச் சேர்ந்த இமாம் சாகிபு பக்சியின் மகளை ஐதர் தெரிந்தெடுத்தார். தாயாரும் அரண்மனைப் பெண்டிரும் வேறொரு பெண்ணை விரும்பினர். மராட்டியருடனான போரிலே உயிர்நீத்த லாலா மியான் என்பவரின் மகள், உருக்கையா பானு. முன்னது செல்வாக்கைத் தேடும் சம்பந்தம். பின்னதோ தந்தையை இழந்த பெண். ஐதர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத அந்நாட்டிலே பக்ருன்னிசா தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தாரில்லை. முடிவு என்ன? ஒரே இரவிலே இரு மணங்களும் நடந்தேறின. தந்தை தெரிந்த பெண்ணும் தாய் தெரிந்த பெண்ணும் ஒரே வீட்டிலே மருமக்களாயினர். பக்ருன்னிசாவின் இயல்பை நமக்குக் காட்டுவதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும் என்பது எம் கருத்து. சரித்திரம் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லையும் பதித்து வைக்கவில்லை. அவருடைய பிடிவாதத்தைப் பதித்திருக்கின்றது.

1780ஆம் ஆண்டு யூலையில் ஐதர் பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கருநாடகத்துள் இறங்கினார். செப்டெம்பர் 10இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரிலே ஆங்கிலேயத் தளபதி பெயிலியின் படை அழிந்தது. நவம்பரில் ஆர்க்காடு ஐதர் வசமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் மனைவியோடு பிள்ளைவரம் வேண்டி நின்ற நகரத்தை அவர் பீரங்கியினால் வென்றார். அங்கே வேண்டிப் பெற்ற பிள்ளை அப்படையிலே தளபதி. அடுத்த ஆண்டு யூலை 1ஆம் நாள் பறங்கிப்பேட்டைப் போரிலே ஐதரின் மைத்துனரான மீர் அலி ரசா கான் படுகாயமுற்று மாண்டார். ஆர்க்காடு மகனைத் தந்தது. பறங்கிப்பேட்டை உறவைக் கொண்டுபோனது.

ஐதரின் மறைவின் பின் சீரங்கப்பட்டணத்து மதிலுக்குள்ளே இரண்டு இராசமாதாக்கள் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. ஒருவர் பக்ருன்னிசா. மற்றவர் உடையார் குலத்து விதவையரசி இலட்சுமி அம்மணி. தம் குலத்துக்கு அரசுரிமையை மீட்பதே அவருடைய வாழ்நாள் நோக்கம். அவருடைய தூதுவர் திருமலைராவ் 1782இல் தஞ்சாவூரிலே ஆங்கிலேயருடன் இரகசிய உடன்படிக்கை செய்தார். திப்புவின் அடியார்க்கு அவர் துரோகி; உடையார் குடிக்கு அவர் குலதெய்வம். எமக்கு ஒருவரைத் தூற்றி மற்றவரைப் போற்ற மனம் வரவில்லை. காவலிலிருந்த அரசி கடிதம் எழுதாமல் வேறென் செய்வார்?

1792ஆம் ஆண்டு பெப்ரவரியில் கார்ன்வாலிசின் படை சீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. ஆறாம் நாள் இரவு வெளியரண்கள் வீழ்ந்தன. சில நாட்களுக்குள் உருக்கையா பானு அச்சத்தினாலும் மனக்கலக்கத்தினாலும் உயிர்நீத்தார் என்று அப்போரில் உடனிருந்த மேஜர் டிரோம் எழுதுகின்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மாமியார் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்த அதே மருமகள். அவருடைய சகோதரர் புர்கானுத்தீன் 1790இல் சத்தியமங்கலப் போரிலே முன்னமே மாண்டிருந்தார். பெப்ரவரி 26ஆம் நாள், தாயை இழந்து மாதம் முடியாத எட்டு வயது முயிசுத்தீனும் அவன் தமையன் பத்து வயது அப்துல் காலிக்கும் அலங்கரித்த யானைகளின் மேல் ஏற்றப்பட்டு ஆங்கிலேயர் பாசறைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டின் பாதியும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும் கொடுத்துத் தீருமட்டும் அவர்கள் பிணை.

அந்தக் காட்சியை ஆங்கிலேய ஓவியர் பலர் விரும்பித் தீட்டினர். கார்ன்வாலிசு குனிந்து சிறுவரின் கைகளைப் பற்றுகின்றார். முகத்திலே தந்தையின் கனிவு. படத்திலே யானை உண்டு, பல்லக்கு உண்டு, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் உண்டு. இறந்த தாய்க்கு இடமில்லை. ஒன்பது வயதிலே தாயோடு பணயமாயிருந்த திப்புவுக்கு இப்போது தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே பணயமாக அனுப்பும் ஊழ் நேர்ந்தது. சென்னையிலே இரண்டாண்டு இருந்து, 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அச்சிறுவர் திரும்பி வந்தனர். தந்தை அவர்களை எதிர்கொண்ட இடம் தேவனகள்ளி, அவர் பிறந்த ஊர்.

பின்னர் வந்தது 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள். கோட்டை வீழ்ந்தது, திப்பு வாயிலருகே பிணக்குவியலிடையே கிடந்தார். மறுநாள் மாலை இடியும் மழையும் சூழ, இலால்பாக்குத் தோட்டத்துக் கும்பசிலே அவரை அடக்கஞ் செய்தனர். தந்தைக்காக அவரே கட்டுவித்த மாடம் அது. கரிய கல்லிலே கடைந்தெடுத்த 36 தூண்கள் அதனைச் சுற்றி நிற்கின்றன. உள்ளே மூன்று சமாதிகள்: ஐதர், திப்பு, பாத்திமா பக்ருன்னிசா. கணவனும் மனைவியும் மகனும் ஒரு கூரையின் கீழே சேர்ந்திருப்பது அரச குடும்பங்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று. உள்ளே தந்தம் பதித்த கதவுகள் இருக்கின்றன. அவற்றை 1855இல் அளித்தவர் ஆங்கிலேயத் தேசாதிபதி டல்கௌசி. நாட்டை எடுத்துக்கொண்டவர் கல்லறைக்குக் கதவு கொடுத்தார்.

உயிரோடு எஞ்சியவர்க்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. மக்களும் மனைவியரும் ஐதரின் விதவையரும் பணிப்பெண்களுமாகிய பெருங்கூட்டம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழாண்டு கழிந்து 1806ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் திப்புவின் பெண்களில் ஒருத்திக்குக் கோட்டைக்குள்ளே மணம் நடந்தது. புதிய தலைப்பாகைக்கும், சமயச் சின்னங்களையும் தாடியையும் விலக்கிய ஆணைக்கும் எதிராகக் குமுறியிருந்த சிப்பாய்கள் அந்த இரவைப் பயன்படுத்திக்கொண்டனர். விடியுமுன்னே துப்பாக்கி முழங்கிற்று. மைசூரின் புலிக்கொடி கொத்தளத்திலே ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அதனை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். திப்புவின் புதல்வர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்களுள் பலர் வேலூரிலேயே தங்கினர். மணவீட்டின் விளக்குகள் அணையுமுன்னே நேர்ந்த அக்கலகத்திலே அந்தப்புரத்துக்கு எவ்வளவு பங்கு என்று சரித்திரக்காரர் இன்றும் வாதிடுகின்றனர். ஆங்கிலேயர் அஞ்சினர் என்பதில் வாதமில்லை.

இனி நம் நாட்டின் கதை அங்கே வந்து சேருகின்றது. 1803ஆம் ஆண்டு ஓகஸ்டிலே முல்லைத்தீவுக் கோட்டையை வென்று, ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே கப்டன் வொன் ட்ரிபேர்க்கினால் முறியடிக்கப்பட்டவர் பண்டாரவன்னியன். அக்காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மற்றொரு முடி கண்டி மன்னர் சிறீவிக்கிரம இராசசிங்கனுடையது. தென்னாட்டு நாயக்கர் குலத்தவரான அம்மன்னர் 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டார். தேவியரும் உடன் பிடிபட்டனர். மறுவருடம் சனவரி 24ஆம் நாள் அவர்கள் கொழும்பிலிருந்து கார்ன்வாலிசு என்னும் பெயருடைய கப்பலிலே ஏற்றப்பட்டனர். திப்புவின் மைந்தரைப் பிணையாகப் பெற்றவரின் பெயரே கப்பலுக்கும் இருந்தது. சென்னைக்கும் அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுசெல்லப்பட்டு, மன்னரும் வேங்கட இரங்கம்மாள் முதலிய தேவியரும் திப்புவின் குடும்பப் பெண்டிர் வாழ்ந்த அதே கோட்டையிலே குடிவைக்கப்பட்டனர். அகழியிலே ஒரே நீர். வாயிலிலே ஒரே காவல். ஐதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், பாதுஷா மகால் என்னும் பெயர்களோடு கண்டி மகால் என்னும் பெயரும் அக்கோட்டை மாளிகைகளுக்கு வழங்குவதாயிற்று.

மன்னர் 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையிலே அவர் சமாதியிருக்கும் இடத்திலே 1990இல் தமிழ்நாட்டரசு முத்துமண்டபம் எழுப்பியது. கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், திப்பு குடும்பத்தாரின் அடக்கத்தலம் இருக்கின்றது. கலகம் நிகழ்ந்த 1806ஆம் ஆண்டிலேயே இறந்த ஐதரின் விதவை பக்சி பேகமும், 1834ஆம் ஆண்டுவரை உயிர்வாழ்ந்த திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் அங்கே அடங்கியிருக்கின்றனர். அவர்களைச் சூழ, பெயர் எழுதப்படாத சிறு கல்லறைகள் பல வரிசையாகக் கிடக்கின்றன.